அகவிலைப்படியும் கிராம ஊழியர் ஊதியமும்

அகவிலை என்றால் தானியத்தின் விலை என்று பொருள். தானிய விலை ஏறும்பொழுது ஊழியரின் ஊதியம் தேய்ந்துபோகாமல் காப்பதற்காக அளிக்கப்படும் தொகையே அகவிலைப்படி. முன்னாளில் இதனைப் பஞ்சப்படி என்றும் வழங்கினர். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் உணவுப் பண்டங்களின் விலை ஏறியபொழுது நம் நாட்டில் இம்முறை வேரூன்றியது.

கணக்கிடும் முறை

விலைவாசியை அளக்கும் கோல் குறியீட்டெண் ஆகும். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் அரிசி, பருப்பு, துணி, விறகு முதலியவற்றின் விலைகளைத் திரட்டி, மத்திய அரசின் லேபர் பீரோ மாதந்தோறும் இதனை வெளியிடுகிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் முறையில், 261.42 என்ற எண் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பன்னிரண்டு மாதச் சராசரி அதற்கு மேல் எத்தனை விழுக்காடு உயர்ந்ததோ, பின்னம் நீக்கி அத்தனை விழுக்காடு படி வழங்கப்பட்டது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை இது திருத்தப்பட்டது. 2024 ஜனவரியில் படி 50 விழுக்காடு. ஆகவே 18,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கு 9,000 ரூபாய் படியாகக் கிடைத்தது.

இதனை ஊதிய உயர்வு என்று எண்ணுதல் பொருந்தாது. விலையேற்றத்தால் இழந்ததை ஈடு செய்வதே இதன் நோக்கம். கடந்த மாதங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிடுவதால், படி எப்பொழுதும் விலைக்குப் பின்னாலேயே வருகிறது.

கிராமத்தில் இதன் தேவை

விவசாயத் தொழிலாளருக்கெனத் தனிக் குறியீட்டெண் உண்டு. 2011-ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி அதனுடன் இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 2023-24-இல் 294 ரூபாயாக இருந்த கூலி, 2024-25-இல் 319 ரூபாயாகவும், 2025-26-இல் 336 ரூபாயாகவும் உயர்ந்தது.

ஆனால், படி ஏதுமின்றித் தொகுப்பூதியம் பெறுவோர் நிலை வேறு. ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி 20 விழுக்காடு ஏறினால், முன்பு அத்தொகைக்கு வாங்கிய அதே பண்டங்களுக்கு 6,000 ரூபாய் தேவைப்படும். பழைய ஊதியமே நீடித்தால், ஆறு படி அரிசி வாங்கிய வீட்டில் ஐந்து படியே வாங்க முடியும். தெருவைத் தூய்மை செய்பவரும், குடிநீர்த் தொட்டியை இயக்குபவரும் இவ்வாறு நலிந்தால், ஊரின் சுகாதாரமும் நலியும். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, உள்ளாட்சி மன்றங்களின் கீழுள்ள வேலையையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

விதை, உரம், ஆட்கூலி ஆகியவற்றின் ஏற்றத்துக்கேற்ப நெல்லின் ஆதரவு விலையும் உயர வேண்டும் என்று விவசாயிகளாகிய நாம் கோருகிறோம். அதே நியாயம் ஊழியருக்கும் உரியதன்றோ? ஊதிய விகிதத்தை வகுப்பது அரசின் பொறுப்பாயினும், பஞ்சாயத்து செய்யத்தக்கவை உண்டு. ஊதியத்தை மாதந்தோறும் நிலுவையின்றி வழங்கலாம். அரசு அறிவிக்கும் உயர்வை உடனே நடைமுறைப்படுத்தலாம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும்பொழுது விலைவாசியோடு ஊதியத்தை ஒப்பிட்டு, குறை கண்டால் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்பலாம். நம் ஊரைக் காப்போரின் அடுப்பு அணையாதிருக்கச் செய்வது நம் கடமையாகும்.