ஸ்கேனில் சுபாவம் தெரியுமா?

நம்பிக்கை: ஒருவருடைய சுபாவம் மூளையிலேயே பதிந்திருக்கிறது; ஸ்கேன் எடுத்தால் கூச்சக்காரரா, கலகலப்பானவரா என்று தெரிந்துவிடும்.

உண்மை: சுபாவத்துக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொடர்பை ஒரு படத்திலிருந்து படித்துவிட முடியாது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சும்மா படுத்திருந்த 884 பேரின் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளைச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) பதிவுகளைக் கொண்டு சுபாவத்தின் ஐந்து முக்கியப் பண்புகளைக் கணிக்க முயன்றார்கள். புதியதை வரவேற்கும் மனப்பாங்கு ஒன்றுதான் நம்பகமாகப் பிடிபட்டது; அதுவும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 2 சதவீதத்தையே விளக்கியது. இதில் வியக்க அதிகமில்லை. கூச்சம் நாலு பேர் நடுவில் வெளிப்படுவது. ஸ்கேன் குழாய்க்குள்ளோ ஆள் தனியாகக் கிடக்கிறார். சும்மா படுத்திருப்பதும் ஒரு சூழல்தான், அதிலும் இரைச்சல் மிகுந்த, விசித்திரமான சூழல்.

சூழலை மாற்றினால் என்ன ஆகும்? மின்னதிர்ச்சி வரலாம் என்ற அச்சத்தோடு காத்திருந்த 16 மணமான பெண்களின் மூளைச் செயல்பாட்டை உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் பதிவு செய்து 2006இல் வெளியிட்டார்கள். தனியாக இருந்தபோது ஆபத்துக்கு எதிர்வினை காட்டிய பகுதிகள், கணவரின் கையைப் பிடித்தபோது தணிந்தன. அறிமுகமில்லாதவரின் கையைப் பிடித்தபோதும் ஓரளவு தணிந்தன. ஆளும் அதே ஆள், அச்சுறுத்தலும் அதுவே; மாறியது சூழல்தான். 16 பேரை வைத்து முடிவு கட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது குறைந்த எண்ணிக்கையிலும் மாற்றம் புலப்படும். ஆளுக்கு ஆள் ஒப்பிடத்தான் ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022இல் 'நேச்சர்' இதழ்க் கட்டுரை ஒன்று காட்டியது. ஆகவே, இணக்கமான இல்லறம் உள்ளவர்களுக்குக் கணவர் கையால் கூடுதல் பலன் கிடைத்தது என்ற அதே ஆய்வின் இன்னொரு முடிவை, அது ஆளுக்கு ஆள் ஒப்பிட்டது என்பதால், எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

மூளையின் இணைப்புகளைக் கொண்டு ஆளையே அடையாளம் கண்டிருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். 2015இல் யேல் பல்கலைக்கழகத்தார் 126 பேரில் அதைச் செய்தார்கள். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை, அவர் முன்கோபியா என்று சொல்வதில்லை. மேலும், இரு நாளும் சும்மா படுத்திருந்த பதிவுகளை ஒப்பிட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்த கணிப்பு, வெவ்வேறு வேலைகளில் ஈடுபட்டிருந்த பதிவுகளுக்கு மாறியதும் ஒப்பிட்ட சில பதிவு ஜோடிகளில் 54 சதவீதம் வரை இறங்கியது. அந்தப் பதிவுகளின் நேரம் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். ஆனாலும் அதே ஆள், அதே மூளை.