ஒன்பது வாரம் 71.4

மகள் பாதியில் விட்ட பள்ளி நோட்டு ஒன்றில் தினமும் காலை எடையைக் குறித்து வருகிறேன். அதில் மார்ச் நடுவில் தொடங்கி மே பாதிவரை உள்ள பக்கங்களை இப்போது புரட்டினாலும் அந்த நாட்களின் சோர்வு திரும்ப வருகிறது. 71.4, 71.6, 71.2, மறுபடி 71.4. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் 83 கிலோவிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். அதே நடை, அதே சாப்பாடு, அதே கட்டுப்பாடு. எடை மட்டும் அசையவில்லை.

மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற பெண்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். “ஆரம்பத்துல கடகடன்னு இறங்குச்சுக்கா, இப்ப அப்படியே நிக்குது” என்பார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களைக் காணோம். தொடக்கத்தில் விடுகிறவர்களைவிட, பத்துக் கிலோ குறைத்துவிட்டு இந்த இடத்தில் வந்து விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அவ்வளவு உழைப்பும் வீணாகிறதே. நானும் விட்டுவிட இருந்தவள்தான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் செய்த தவறுகள். ஐந்தாவது வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். பகலிலும் சோற்றைப் பாதியாக்கினேன். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி தேறியிருந்தால் அதிகம். பத்து நாளில் மலச்சிக்கல், எரிச்சல், சீப்பு நிறைய முடி. பதினோராம் நாள் இரவு பத்தரை மணிக்கு அடுக்களையில் நின்றுகொண்டு முறுக்கு டப்பாவைக் காலி செய்தேன். மறுநாளும் அப்படியே. பட்டினி கிடந்து மிச்சம் பிடித்ததெல்லாம் இரண்டே இரவில் போயிற்று. அடுத்தது, தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு 3,800 ரூபாய்க்கு வாங்கிய ‘கொழுப்பைக் கரைக்கும்’ பொடி. டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று தெளிவாக எழுதக்கூட இல்லை. நெஞ்சு படபடத்ததால் நான்கே நாளில் நிறுத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் விழுங்காதீர்கள்.

அதன் பிறகு டாக்டரிடம் போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. எல்லோருக்கும் அப்படி இருக்காது. தைராய்டு குறைந்திருந்தாலோ, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் எடுத்தாலோ எடை இறங்குவது கடினம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் துணிச்சல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை என்னுடையது. வரவு செலவு இடித்தால், இடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. 83 கிலோ இருந்தபோது என் உயரத்துக்கும் வயதுக்கும் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 2,000 கலோரி. நான் சாப்பிட நினைத்தது 1,500. தினம் 500 துண்டு விழுந்தது, எடை இறங்கியது. ஆனால் 71 கிலோ உடம்புக்கு 2,000 எதற்கு? சும்மா படுத்துக் கிடந்தாலும் பெரிய உடம்புக்குச் செலவு அதிகம், சிறிய உடம்புக்குக் குறைவு. நடையும் அப்படித்தான். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது முன்பு கூடவே 12 கிலோ அரிசி மூட்டையையும் சுமந்தேன், இப்போது மூட்டை இல்லை. எல்லாம் கழித்துப் பார்த்தால் என் செலவு 1,700 பக்கத்தில் வந்து நின்றது. 500 இருந்த துண்டு 200 ஆகிவிட்டது. பழைய உடம்புக்குப் போட்ட பட்ஜெட்டைப் புதிய உடம்புக்கு வைத்துக்கொண்டு ஏன் இறங்கவில்லை என்று அழுதிருக்கிறேன்.

சரி, அந்த 200 எங்கே போயிற்று? அதைக் கொண்டுபோனது எண்ணெய்.

நாளைக்கு மூன்று டீஸ்பூன் என்று என் நோட்டில் எழுதியிருந்தேன். அதை நான் அளந்ததே இல்லை. ஒரு நாள் மளிகைச் சீட்டுகளை எடுத்துக் கூட்டினேன். நாங்கள் நாலு பேர். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் சேர்த்து மாதம் நாலரை லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 34 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஆக 300க்கு மேல். நான் எழுதிவைத்தது 125. தோசைக்கு ஓரம் சுற்றி விடுவது, தாளிப்பு, இட்லிப் பொடிக்குக் குழைக்கிற நல்லெண்ணெய், உருளைக்கிழங்கு ரோஸ்டாகட்டும் என்று இன்னொரு சுற்று. தூக்கில் இருந்து கையளவாக விடுகிற வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது.

என்னைப் போன்றவர்களை வைத்து 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. 1,200 கலோரிக்குள் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையில்லை. உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நானும் பொய் எழுதவில்லையே. பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையை யார் நோட்டில் எழுதுவார்கள்?

அன்று முதல் எண்ணெய் பாட்டிலில் இருந்து நேரே சட்டியில் விழுவதில்லை. காலையில் நான்கு பேருக்குமாக 65 மில்லி அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுப்பு மேடையில் வைப்பேன். அன்றைய சமையல் முழுக்க அதற்குள்தான். முதல் வாரம் அத்தை, “என்ன தாயி, கத்தரிக்காய் வேகாத மாதிரி இருக்கு” என்றார்கள். மூடி போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வதக்கப் பழகினேன். மூன்றாம் வாரம் அந்தப் பேச்சு நின்றது. மாதம் நாலரை லிட்டர் இரண்டு லிட்டரானது. எல்லா யோசனையிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டை என் கண்ணில் படவே இல்லை, கைபேசி காட்டிக் கொடுத்தது. காலை நடை மாறவில்லை. ஆனால் முழு நாளின் அடிகள் சென்ற ஆண்டு 9,000, இப்போது 5,800. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். காய் நறுக்க உட்கார ஆரம்பித்திருந்தேன். மாடியில் துணி எடுக்க மகளை அனுப்பினேன். அலுவலகத்தில் பீரோவுக்கு எழுந்து போகாமல் பையனைக் கூப்பிட்டேன். இது சோம்பல் இல்லை. சாப்பாடு குறையும்போது உடம்பு தானாகவே அசைவைச் சிக்கனம் செய்கிறது. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். ஆரோக்கியமான அந்த இளைஞர்கள் எதிலும் பிடிப்பில்லாமல் தளர்ந்துபோனார்கள், பலர் சமையல் புத்தகங்களை ஆசையாகப் படித்தார்கள். நான் இரவில் படுத்துக்கொண்டு பிரியாணி வீடியோ பார்த்ததற்கும் அதுதான் காரணம் என்று தெரிந்தபோது என் மேல் இருந்த கோபம் கரைந்தது. காலை நடையைக் கூட்டவில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடப்பது, போனில் பேசும்போது நின்று பேசுவது, துணியை நானே எடுப்பது. அடிகள் மீண்டும் 9,000 ஆயின.

சாப்பாட்டில் அளவைவிடச் சரக்கை மாற்றினேன். முன்பு காலையில் நாலு இட்லி, சட்னி, மதியம் சோறு, நீர்த்த சாம்பார், பொரியல், இரவு தோசை. கூட்டினால் புரதம் 40 கிராம்கூடத் தேறவில்லை. இப்போது காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை. மதியம் ஒரு கரண்டி சோறு, கெட்டிப் பருப்பு, 30 கிராம் மீல்மேக்கரைப் போட்டு ஒரு கூட்டு அல்லது மீன் குழம்பில் இரண்டு துண்டு. மாலை நாலரைக்குக் கொண்டைக்கடலையோ கொள்ளோ ஒரு கிண்ணம் சுண்டல். பாலும் தயிருமாக நானூறு மில்லி. 70 கிராமைத் தாண்டியது. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, நாலரைக்குச் சாப்பிட்டால் எட்டு மணிவரை பசி வருவதில்லை. எனக்கு அது போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பளு தூக்குவதைப் பற்றி எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல வேண்டும். 45 வயதில், புடவை கட்டுகிற பெண், ஜிம்மில் என்ன செய்வாள் என்று நினைத்தேன். எங்கள் தெருமுனையில் பெண்களுக்கென்று காலை ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். சொல்லித்தருகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அவ்வளவுதான். “மூச்சை அடக்காதீங்கக்கா, எந்திரிக்கும்போது விடுங்க” என்று பத்து முறை சொன்னாள். வாரம் மூன்று நாள். இரண்டு கிலோ டம்பெல்லில் தொடங்கி இப்போது கையில் ஏழரைக் கிலோ எடுக்கிறேன். வெறும் நடையும் குறைந்த சாப்பாடுமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். தசையைக் காப்பாற்றப் புரதமும் பளுவும் சேர்ந்தே வேண்டும். மாடிப்படி ஏறினால் வலித்த முழங்கால் இப்போது வலிப்பதில்லை. எடை இறங்காமலே போயிருந்தாலும் இதற்காகவே நான் அங்கே போய்க்கொண்டிருப்பேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பளு தூக்க ஆரம்பித்த பத்தாம் நாள் எடை 72.5. ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றம். பழகாத தசை வேலை செய்தால் அதில் நீர் தேங்கும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருக்காவிட்டால் அன்றே நின்றிருப்பேன். நாடாவை எடுத்து இடுப்பை அளந்தேன். எடை அசையாமல் நின்ற நாட்களில் 94 செ.மீ., அன்று 90. எடை ஏறியிருக்கிறது, இடுப்பு இறங்கியிருக்கிறது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் எனக்கு 900 கிராம் ஏறும், மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் ஏறும். அதெல்லாம் தண்ணீர். அதனால் ஒரு நாள் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. ஏழு நாள் சராசரியை எடுத்துச் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவேன். மூன்று நான்கு வாரம் சராசரியும் இடுப்பும் இரண்டுமே அசையாமல் இருந்தால்தான் உண்மையிலேயே நின்றுவிட்டது என்று பொருள். இரண்டு வாரத்தில் பதறி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஜூலையில், அக்காள் மகள் கல்யாணத்தையொட்டி, இரண்டு வாரம் இடைவெளி விட்டேன். கண்டபடி சாப்பிடவில்லை, என் செலவுக்குச் சரியாக 1,700 வரை சாப்பிட்டேன். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் சமமாகச் சாப்பிட்ட ஆண்கள், இடைவிடாமல் குறைத்தவர்களைவிட நன்றாக இளைத்திருந்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வும் அதையே காட்டவில்லை. ஆகவே இது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்குக் கிடைத்தது மன ஆறுதல். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை நிம்மதியாகச் சாப்பிட்டேன். முதல் நாலு நாளில் 700 கிராம் ஏறியது, இரண்டாம் வாரம் இறங்கியது. திரும்பக் குறைக்கத் தொடங்கியபோது முன்பிருந்த அலுப்பு இல்லை. தூக்கமும் அந்த நாட்களில்தான் ஏழு மணி நேரமானது. ஐந்து மணி நேரம் தூங்கின நாள்களில் மாலைப் பசி எனக்கு அடங்குவதே இல்லை.

71.4 அசையத் தொடங்கியபோது வாரத்துக்கு 200, 300 கிராம்தான். ஆரம்பத்தில் இருந்த வேகம் திரும்பவில்லை, திரும்பும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அக்டோபர் கடைசியில் 66.2. இடுப்பு 86. நம் ஊர்ப் பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள், இன்னும் ஆறு இருக்கிறது.

இந்த இரண்டு வாரமாக மறுபடி 66.2இலேயே நிற்கிறது. நேற்று மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய எண்ணெய் தனி. நாளை ஞாயிறு, நாடாவை வைத்து இடுப்பை அளக்க வேண்டும்.