தொண்டை அடைப்பான்: வீக்கம் காணுமுன் விழித்துக் கொள்வீர்!

மாலையில் பால் கறந்தபோது நன்றாக இருந்த எருமை, மறுநாள் விடியுமுன் மடிந்து கிடக்கும். "பாம்பு தீண்டியிருக்கும்" என்பார் ஒருவர். "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்பார் இன்னொருவர். மழைக் காலத்தில் இவ்வாறு நேரிடும் சாவுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொண்டை அடைப்பான் நோய். வேப்பம்பட்டு வட்டாரத்தில் ஒன்றிரண்டு கறவைகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிகள் இந்நோயைப் பற்றி நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

நோய்க்குக் காரணம்

'பாஸ்சுரெல்லா மல்டோசிடா' என்னும் நுண்கிருமியே இந்நோயை உண்டாக்குகிறது. நலமாகத் தோன்றும் சில மாடுகளின் தொண்டையில் இக்கிருமி சத்தமின்றித் தங்கியிருக்கும். மழையில் நனைதல், சேற்றுத் தொழுவம், தீவனக் குறைவு, தொலைதூரம் ஓட்டிச் செல்லுதல் போன்றவற்றால் மாடு தளரும்போது, கிருமி பெருகி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. எச்சில் பட்ட தீவனம், பொதுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் மூலம் மற்ற மாடுகளுக்கும் பரவுகிறது. மாட்டைவிட எருமையை இது கடுமையாகத் தாக்கும். 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கன்றுகளுக்கு ஆபத்து அதிகம்.

பருவநிலை மாறும்போது இக்கிருமி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று: கசக்ஸ்தான் நாட்டில் 2015ஆம் ஆண்டு மே மாதம், 'சைகா' என்னும் மான் இனத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை சில வாரங்களில் மடிந்தன. வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் நிலவியபோது, அவற்றின் உடலில் ஏற்கெனவே இருந்த இதே கிருமி பெருகியதே காரணம் என ஆய்வாளர்கள் கண்டனர்.

நோய்க்குறிகள்

தொண்டையில் வீக்கம் கண்ட பிறகே பலர் மருத்துவரைத் தேடுகின்றனர். ஆனால் வீக்கம் நோயின் தொடக்கமன்று. கிருமியின் நஞ்சு இரத்தத்தில் ஏறி, இரத்தக் குழாய்கள் கசிந்து, நீர் கோத்துக் கொள்வதே அந்த வீக்கம். அதற்குள் நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கும். ஆகவே கவனிக்க வேண்டியவை இவை:

1. தீவனம் எடுக்காமலும் அசைபோடாமலும் தலை தொங்க நிற்றல். பால் திடீரெனக் குறைதல். மூக்கு நுனி வறண்டு போதல்.

2. கடும் காய்ச்சல். மாட்டின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட். இந்நோயில் 104 முதல் 107 வரை ஏறும். வெப்பமானி ஒன்றை வீட்டில் வைத்துக் கொண்டு, ஆசனவாயில் 2 நிமிடம் வைத்துப் பார்க்கலாம்.

3. வாயில் எச்சில் ஒழுகுதல், மூக்கில் சளி, கண் சிவத்தல்.

4. தொண்டை, கழுத்து, அலைதாடி வீங்குதல். கர்ரென்ற ஒலியுடன் மூச்சுத் திணறல்.

நான்காவது நிலையை அடைந்த மாடு பிழைப்பது அரிது. நோய் கண்ட சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் சாவு நேரிடும். முதல் இரண்டு குறிகள் தெரிந்த உடனேயே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். தொடக்கத்திலேயே தகுந்த ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

செய்யக் கூடாதவை

கஷாயம், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கி உயிரைப் பறிக்கும். வீக்கத்தில் சூடு போடுவதும் கீறிவிடுவதும் பயன் தரா. அதில் இருப்பது சீழ் அன்று. ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் கூறும் நாள் வரை விற்கக் கூடாது.

திடீரென இறந்த மாட்டை மருத்துவர் பார்க்குமுன் அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். 'அடைப்பான்' என்பது வேறு நோய். அது மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் பார்த்தபின் 6 அடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஏரியிலோ கால்வாயிலோ எறிந்தால் ஊர் மாடுகளுக்கெல்லாம் நோயைக் கொடுத்தவராவோம்.

தடுப்பு முறை

6 மாதம் நிறைந்த கன்று முதல் எல்லா மாடுகளுக்கும் ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி போட வேண்டும். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாக 2 முதல் 3 வாரமாகும். ஆதலால் ஐப்பசி மழைக்குக் காத்திராமல் ஆவணிக்குள் போட்டுவிடுவது நலம். தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். போட்ட இடம் சிறிது தடிக்கலாம். இதற்கு அஞ்சி மாட்டை மறைத்துக் கட்டுவோர் உண்டு. இரண்டு நாள் பாலைக் காக்கப் போய் மாட்டையே இழப்பது அறிவுடைமை ஆகுமா?

தொழுவத்தை மேடாக்கித் தண்ணீர் தேங்காமல் வையுங்கள். புதிதாக வாங்கிய மாட்டை 2 வாரம் தனியே கட்டுங்கள். நோயுற்ற மாட்டை உடனே பிரித்துத் தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள்.

காலையில் கறக்க உட்காருமுன் ஒரு நிமிடம் மாட்டின் முகத்தைப் பாருங்கள். தின்ன மறுத்தால் காய்ச்சலைப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் மாலை வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.