டெத் என்று ஒரு குடும்பப் பெயர்

மு. போதும்பொண்ணு, 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு



இந்த மாதச் சுவர் இதழுக்குப் 'பெயரும் பொருளும்' என்று தலைப்புக் கொடுத்தாங்க எங்கள் தமிழ் டீச்சர். எல்லாரும் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நான் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மேலே என் பெயரைப் படித்தவர்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அந்தப் பெயர் 'டெத்'. ஆமாம், மரணம், சாவு என்று ஆங்கிலப் பாடத்தில் படித்தோமே, அதே வார்த்தை. அதே ஐந்து எழுத்து. எழுத்துப்பிழை இல்லை, கேலிக்கு வைத்ததும் இல்லை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று வழிவழியாக வருகிற உண்மையான குடும்பப் பெயர். அந்த வீட்டுப் பிள்ளையை வகுப்பில் "டெத்" என்று கூப்பிட்டால் அது எழுந்து "பிரசென்ட்" சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் ஒரு டாக்டர் இருந்து, வாசலில் 'டாக்டர் டெத்' என்று பலகை மாட்டினால் எந்த நோயாளி உள்ளே போவார்?

முதலில் குடும்பப் பெயர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நமக்கு இன்ஷியல் இருக்கிறது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆங்கிலேயர்களுக்குப் பின்னால் வரும் பெயர் மாறாது. ஆனால் அவர்களுக்கும் ஆதியில் இப்படி ஒன்று கிடையாது. 1066-ல் நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பழக்கம் பரவியது. 1400-ஆம் ஆண்டு வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. கொல்லர் வேலை செய்தவர் ஸ்மித். ஜானுடைய மகன் ஜான்சன். மலையடியில் வீடு இருந்தால் ஹில். இதெல்லாம் நல்ல பெயர்கள். நாலாவது வகை பட்டப்பெயர். அதில்தான் வம்பே. நம்ம ஊரில் 'மொட்டையன் வீடு' என்று சொல்கிறோம், இப்போ அந்த வீட்டில் யாருக்கும் மொட்டை இல்லை. அதுபோல யாரோ ஒருத்தருக்கு வைத்த பட்டம் அறுநூறு எழுநூறு வருஷம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

டெத் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள்.

ஒன்று, நாடகம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் திருவிழா நாடகங்களில் 'சாவு' என்று ஒரு வேஷம் உண்டு. அதைக் கட்டியவருக்கு அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம். எமன் வேஷம் கட்டுகிறவரை ஊரே எமன் என்று கூப்பிடுவதுபோல. ஆள் ஒல்லியாக, வெளுத்துப்போய் இருந்தாலும் இப்படிப் பட்டம் வைத்திருப்பார்கள் என்கிறார்கள். இரண்டாவது, பழைய ஆங்கிலத்தில் விறகு, தீமூட்டும் சுள்ளி இதற்கெல்லாம் ஏறக்குறைய இதே ஓசையில் ஒரு சொல் இருந்ததாம். அப்படிப் பார்த்தால் டெத் என்பவர் சுள்ளி பொறுக்கி விற்றவர், அவ்வளவுதான். எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடித்தது. பயமுறுத்தும் பெயருக்குள்ளே ஒரு விறகுக்கட்டு.

மூன்றாவது காரணம்தான் சுவாரசியம். பெல்ஜியம் நாட்டில் 'ஆத்' என்று ஒரு ஊர் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'டி' என்றால் 'அந்த ஊரிலிருந்து வந்த' என்று பொருள். ஆகவே எங்கள் பெயர் டெத் இல்லை, 'டி ஆத்', ஆத் ஊர்க்காரர் என்று அந்தக் குடும்பங்களில் பலர் சொல்கிறார்கள். இதற்காக அவர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டாவது எழுத்துக்குப் பிறகு மேலே ஒரு சின்னக் கமா. மூன்றாவது எழுத்தான ஏ-யைப் பெரிய எழுத்தாக்கினார்கள். அவ்வளவுதான், சாவு போய் ஊர் வந்துவிட்டது! பெயர் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலர் இந்த பெல்ஜியம் கதையை நம்பவில்லை. பட்டப்பெயர்தான் என்கிறார்கள். நானும் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கமாவை முதலில் வைத்தவர் கெட்டிக்காரர்.

எழுத்தை மாற்றாமல் உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பல்லுக்குச் சொல்லும் 'டீத்' போலவே 'டீத்' என்று சொல்லிக்கொள்வார்கள். டோரதி சேயர்ஸ் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைகள் எழுதியவர். அவருடைய துப்பறிவாளர் பீட்டர் விம்சிக்கு நடுவில் வரும் பெயர்களில் ஒன்று டெத். 1933-ல் வந்த ஒரு நாவலில் அவர் வேறு ஆள்போல 'டெத் பிரெடன்' என்ற பெயரில் ஒரு விளம்பர ஆபீசில் வேலைக்குச் சேருவார். அங்கேயும் இந்த உச்சரிப்புப் பிரச்சினை வரும். சேயர்ஸ் வளர்ந்தது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில். டெத் குடும்பங்கள் அதிகம் இருந்ததும் அதே கிழக்குப் பக்கம்தான், எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களில். அதனால் சும்மா கற்பனையில் வைத்த பெயராக அது இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி கணக்கு. கணக்கு என்றதும் அடுத்த கட்டுரைக்குத் தாவிவிடாதீர்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது.

பிரிட்டனில் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். பிற்காலத்தில் ஏராளமான தன்னார்வலர்கள் உட்கார்ந்து அந்த ஏடுகளை எல்லாம் பெயர் பெயராக எடுத்து எழுதினார்கள். அதனால்தான் இன்றைக்கு எந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ண முடிகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வருகைப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் வெபர் என்பவர் அந்த 1881 கணக்கையும் 2008-ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1881-ல் டெத் என்ற பெயர் 1,133 பேருக்கு இருந்தது. 2008-ல் 605 பேர்.

பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அது சரியான கணக்கு இல்லை. 1881-ல் பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 3 கோடி. 2008-ல் சுமார் 6 கோடி. ஜனங்கள் இரண்டு மடங்கு ஆனால் பெயரும் இரண்டு மடங்கு ஆகி 2,266 ஆகியிருக்க வேண்டும் இல்லையா? 10 லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தேன். அன்றைக்கு 38 பேர். 2008-ல் 10 பேர். ஸ்மித் என்ற பெயர் அதே காலத்தில் நாலு லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேலே போய்விட்டது.

டெத் மட்டும் இல்லை, கேலிக்கு இடமான பெயர்கள் எல்லாமே இப்படிக் குறைந்திருக்கின்றன. (அந்தப் பட்டியலில் ரொம்பக் குறைந்த இரண்டு பெயர்களை நான் எழுதியிருந்தேன். சுவரில் ஒட்டக்கூடாது என்று டீச்சர் அடித்துவிட்டாங்க.) 'ஸ்மெல்லி', நாற்றம் பிடித்த என்பதுபோல் ஒலிக்கும் பெயர், 70 சதவீதம் குறைந்தது. இதே பெயர் கொண்ட வில்லியம் ஸ்மெல்லி என்பவர்தான் 1768 முதல் 1771 வரை வெளிவந்த முதல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர். அவ்வளவு பெரிய அறிவாளி இருந்தும் பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. 'டாஃப்ட்' என்றால் இப்போது மண்டு என்று அர்த்தம். அது 51 சதவீதம் குறைந்தது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சாந்தமானவர் என்று அர்த்தம்! பெயர் அப்படியே நிற்க, அர்த்தம் அடியில் நழுவிவிட்டது. 'ஷஃபிள்பாட்டம்' என்று ஒன்று, பின்பக்கத்தை ஆட்டி நடப்பவர் என்பதுபோல் ஒலிக்கும். அது உண்மையில் லங்காஷயரில் ஒரு இடப்பெயரிலிருந்து வந்தது. அதில் உள்ள 'பாட்டம்' பள்ளத்தாக்கைக் குறிக்கிறது. பள்ளத்தாக்குக்காரர்களைப் போய் கேலி பண்ணியிருக்கிறார்கள். 40 சதவீதம் காலி.

இந்தப் பேர் எல்லாம் எங்கே போனார்கள்? செத்தா போனார்கள்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு பங்கு, பெயரை மாற்றிக்கொண்டவர்கள். இங்கிலாந்தில் அது ரொம்பச் சுலபம். அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. 16 வயது ஆனவர் யாரும் 'இன்று முதல் என் பெயர் இது' என்று சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அதற்கு 'டீட் போல்' என்று பெயர். இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை அந்தக் காலத்தில் ஒரே தாளில் இரண்டு தடவை எழுதி நடுவில் பல்பல்லாக வெட்டிப் பிரித்துக்கொள்வார்கள். பிறகு சேர்த்து வைத்தால் பல் பொருந்த வேண்டும். இது ஒரே ஆள் எழுதுவது, பொருத்திப் பார்க்க வேறு யாரும் இல்லை. அதனால் ஓரத்தை நேராக வெட்டினார்கள். அப்படி நேராக வெட்டியதைத்தான் 'போல்' என்ற சொல் குறிக்கிறது.

அடுத்த பங்கு அந்தக் கமா வைத்தவர்கள். அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், அதே ஆள்தான். ஆனால் பட்டியலில் 'டெத்' என்ற வரியிலிருந்து 'டி ஆத்' என்ற வரிக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது பங்கைப் படித்தபோதுதான் எனக்கு என்னவோபோல் ஆனது. அது பெண்பிள்ளைகள். அங்கே கல்யாணம் ஆனால் பெண் கணவர் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். பிள்ளைகளுக்கும் அப்பாவின் பெயர்தான். ஒரு வீட்டில் எல்லாம் பெண்ணாகப் பிறந்தால் அந்த வீட்டில் பெயர் அதோடு சரி. உதாரணத்துக்கு டெத் வீட்டில் நாலு அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கல்யாணம் செய்யவில்லை. ஒருவருக்கு மூன்று பெண்கள். ஒருவருக்கு ஒரு மகன். கடைசி ஆள் ஆஸ்திரேலியா போய்விட்டார். நாலு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு டெத்.

இது பெரிய கணிதப் புதிர். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் 1873-ல் ஒரு பத்திரிகையில் இதைக் கேள்வியாகவே போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதி அனுப்பினார். 1874-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக ஒரு மகனோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் அந்தப் பெயர் என்றாவது ஒருநாள் கட்டாயம் அழியும் என்பது அந்தக் கணக்கில் வருகிறது. ஸ்மித் மாதிரி லட்சக்கணக்கில் இருந்தால் அதற்குப் பல காலம் ஆகும். ஆயிரம் பேர் மட்டும் இருந்தால் சீக்கிரம்.

ஆனால் அந்த மூன்று பெண்களும் எங்கேயும் போகவில்லையே! அவர்களுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். கணக்கில் மட்டும்தான் இல்லை. ஒரு குடும்பம் 'அழிந்தது' என்று எழுதும்போது பெண்கள் வழியை எண்ணாமலே எழுதுகிறார்கள். கால்டனிடம் இதைக் கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன். இப்போது இங்கிலாந்தில் பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயரை வைக்கவும் தடை இல்லை.

இனி என் கதை, சுருக்கமாக. நான் வீட்டில் மூன்றாவது பெண். "ஏன் அப்பத்தா எனக்கு இப்படிப் பேர் வச்ச?" என்று கேட்டேன். "அடுத்தது பையனாப் பொறக்கணும்னு வச்சதுதான். உன்னைய வேணாம்னா சொன்னோம்? ஒனக்குப் பெறகு தம்பி பொறந்தான்ல" என்றது. தம்பி வந்தது என் பெயரால்தான் என்று அப்பத்தாவுக்குப் பெருமை. எனக்கு வருகைப் பதிவு எடுக்கும் நேரம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். "போதும் போதும்" என்று பின் பெஞ்சில் இருந்து யார் கத்துவது என்று அவர்களுக்கே தெரியும், நான் எழுதவில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்னால் திருத்தம் இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லி வகுப்பாசிரியர் தாள் கொடுத்திருக்கிறார். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அப்புறம் அரசிதழில் போட்டுத்தான் மாற்ற வேண்டுமாம். இங்கிலாந்து மாதிரி ஓரம் நேராக வெட்டிய ஒரு தாளில் முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். ரஃப் நோட்டில் பிரியா, திவ்யா எல்லாம் எழுதிப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தது. பிறகுதான் அந்தக் கமா ஞாபகம் வந்தது. முழுசா மாற்ற வேண்டாமே! முன்பாதியை எடுத்துவிட்டு, மூன்றுசுழி ண-வை ரெண்டுசுழி ன ஆக்கி, கடைசியில் ஒரு சுழி மாற்றினால் பொன்னி. அப்பத்தாவும் பாதி நேரம் "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறது, அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்பா திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் இந்தப் பலகையில் 'மு. பொன்னி, 9 ஆ' என்று ஒரு கட்டுரை வந்தால், புதுசா சேர்ந்த பிள்ளை யார் என்று தேட வேண்டாம்.