அந்த 24 யாருக்கு என்ன சொல்கிறது?

அன்புள்ள அம்மணி,

மதிப்பீட்டு அறிக்கையை யாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். இல்லம் தேடிக் கல்வியை வைத்தே சொல்கிறேன். கோவைப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த திட்டம் அது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கினார்கள். தெருவிலேயே மாலை வகுப்பு. வகுப்பெடுத்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில், மொழிப்பாடத்தைப் போல சுமார் இருமடங்கு கற்றல் இழப்பு கணக்குப் பாடத்தில் இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணித்தார்கள்.

உன் வேலை அந்த 24-இல்தான் இருக்கிறது. நம் ஊரில் பாஸ் மார்க் 35. எண்ணை மட்டும் மேடையில் சொன்னால், திட்டம் ஃபெயில் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாளிதழ் நிருபர் கேட்டால் முழு வாக்கியமாகச் சொல்: பிள்ளைகள் மீட்டெடுத்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு, தெருவில் நடந்த மாலை வகுப்பால் வந்தது. தலைப்புக்கு நீளமாக இருக்கிறது என்பார், இருக்கட்டும்.

நிதித்துறைக்காரருக்குச் செலவைச் சேர்த்துச் சொல். இரண்டு லட்சம் தன்னார்வலர் என்றால் ஊக்கத்தொகை மட்டும் மாதம் 20 கோடி. அந்தப் பணத்துக்குக் கிடைத்தது என்ன என்பதே அவர் கேள்வி. தலைமையாசிரியருக்குக் கணக்கில் விழுந்த பள்ளம்தான் முக்கியம். எந்த வகுப்பில் எதைத் திரும்ப நடத்துவது என்று அவர் யோசிக்க வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலர் "நம்ம மாவட்டத்துக்கு எவ்வளவு?" என்பார். ஆய்வு சில மாவட்டங்களின் கிராமங்களில் நடந்தது. உக்கடத்துக்கோ வால்பாறை எஸ்டேட்டுக்கோ அந்த எண்ணை அப்படியே ஒட்டிவிட முடியாது. இதை அவரிடம் தயங்காமல் சொல். அவர் முகம் சுளித்தாலும் எண்ணை நீட்டாதே.

தன்னார்வலரை மறந்துவிடாதே. வீட்டு வேலை முடித்துத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்த அந்தப் பெண்ணுக்கு எந்த அறிக்கையும் போய்ச் சேர்வதில்லை. இது எனக்கு நெடுநாள் கோபம். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்; தான் சொல்லிக்கொடுத்தது பலித்ததா என்பதல்லவா அவருக்குத் தெரிய வேண்டும்? பலித்தது என்று ஆய்வு சொல்கிறது. அதை அவர் காதில் நேராகச் சொல்.

சோமனூரில் தறி ஓட்டும் தாய்க்கு விழுக்காடே வேண்டாம். "ஏனுங்க, எம்புள்ள வாசிக்குதுங்களா?" என்பார். இந்த ஆய்வில் அதற்குப் பதில் இல்லை, வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசும்போது ஆசிரியரையும் பக்கத்தில் உட்கார வை.

ஆளுக்கு ஆள் மொழி மாறலாம், முதலில் சொல்வது மாறலாம். கண்டது மாறக் கூடாது. கோட்டையில் சொல்லத் துணியாததை ஊரிலும், ஊரில் சொல்லக் கூசுவதைக் கோட்டையிலும் சொல்லாதே.

கடைசியாக ஒன்று: மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் தறிக்காரரும் மில்லுக்குப் போகிறவரும் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். உன் முதல் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வை, அம்மணி.