பனிக்குட நீர் குறைந்தால் இளநீர் மட்டும் போதுமா?

ஸ்கேன் அறிக்கையில் "நீர் குறைவு" என்று கண்டதும், இளநீரும் மோரும் பருகியபடி வீட்டிலேயே காத்திருப்போர் உண்டு. அவ்வாறு காத்திருத்தல் ஏன் தகாது என்பதை இங்கு விளக்குகிறோம்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே ஆகும். குழந்தைக்குப் பிராணவாயுவையும் ஊட்டத்தையும் சேர்ப்பது நஞ்சுக்கொடி. அது தளர்ந்தால், குழந்தையின் உடல் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்புகிறது. சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்தம் குறைய, பனிக்குட நீரும் குறைகிறது. தாயின் உடலில் நீர் வற்றினாலோ பனிக்குடம் கசிந்தாலோகூட இந்நிலை நேரலாம். காரணம் எதுவென்பதைப் பரிசோதனையால்தான் அறிய இயலும்.

அறிக்கையில் 'ஏ.எஃப்.ஐ.' எனும் அளவு பொதுவாக 5 முதல் 24 செ.மீ. வரை இருக்கலாம். அது 5-க்குக் கீழே இறங்கினால் டாப்ளர் ஸ்கேனும் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவும் தேவைப்படும்.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் பணிபுரியும் தாய்மார்களுக்கு, வேலை மும்முரத்தில் குழந்தையின் அசைவு புலப்படாமல் போகலாம். ஆகவே நாள்தோறும் உணவுக்குப் பின் இடப்பக்கமாகப் படுத்து அசைவுகளை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்துக்கும் குறைந்தால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பேறுகாலத்துக்காக அத்திப்பள்ளி, ஆனேக்கல் பகுதிகளிலுள்ள தாய்வீட்டுக்குச் செல்வோர், எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மாநில எல்லையின் இருபுறமும் அவசர ஊர்திக்கு அழைக்க வேண்டிய எண் 108.