மேட்டூர் அணையை முட்டி நிற்கும் தண்ணீர்

கேள்வி: ஆடிப்பெருக்கன்று மேட்டூர் போயிருந்தோம். அணை நிரம்பி 120 அடியில் நின்றது. பண்ணவாடிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரமும் தண்ணீர்தான். இத்தனை மைல் தண்ணீரும் சேர்ந்து முட்டும்போது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய ஒரு சுவர் எப்படித் தாங்குகிறது? அந்தக் காலத்துக் கலவையின் பலம்தான் காரணம் என்கிறார்களே?
- வாசகர், குமாரபாளையம்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள். அணை நிரம்பி நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் இந்தப் பயம் ஒரு கணமாவது வரத்தான் செய்யும்.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மொத்த எடை சுமார் 265 கோடி டன். இது முழுவதும் சுவரில் சாய்ந்தால் எந்தச் சுவரும் நிற்காது. ஆனால் அப்படிச் சாய்வதில்லை. தண்ணீரின் எடையை ஏரியின் தரைதான் சுமக்கிறது. சுவர்மேல் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுவரோரத்தில் இருக்கும் ஆழம் மட்டுமே. தேக்கம் பின்னால் 1 மைல் நீண்டாலும் 30 மைல் நீண்டாலும், ஆழம் மாறாதவரை சுவருக்குத் தள்ளு ஒன்றுதான். 1586-லேயே சைமன் ஸ்டெவின் என்ற பிளெமியப் பொறியாளர் இதை எழுதிவைத்தார். நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் முங்கிப் பழகியவர்களுக்கு இது காதாலேயே தெரியும்: கிணறு குறுகலோ அகலமோ, ஒரே ஆழத்தில் காது ஒரே மாதிரிதான் வலிக்கும்.

இனிக் கணக்கு. 120 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 3.4 டன் அழுத்தம். மேலே வர வர அது குறைந்து, நீர்மட்டத்தில் ஒன்றுமில்லாமல் போகும். அணையின் உயரம் அஸ்திவாரத்திலிருந்து 214 அடி. அடிப்பகுதியின் அகலம் 171 அடி. அளவுகோல் காட்டும் 120 அடி வேறு, சுவரின் உயரம் வேறு. ஆனாலும் மோசமான நிலையை எடுத்துக்கொண்டு, 214 அடிக்கும் தண்ணீர் நிற்பதாகவே வைப்போம். அணையின் 1 அடி நீளத் துண்டின் மேல் சுமார் 650 டன் தள்ளு வரும். அந்தத் துண்டை முக்கோணமாகக் கொண்டால் அதன் எடை ஏறக்குறைய 1,200 டன்.

உங்கள் கேள்விக்கு விடை இந்த எடைதான். கலவை கல்லைப் பிணைக்கிறது, கசிவைத் தடுக்கிறது; அதற்குமேல் தாங்குவது கனம். இத்தகையதை எடை அணை என்பார்கள், அதாவது தன் பாரத்தாலேயே நிற்கும் அணை. நீர் பக்கவாட்டில் தள்ள, எடை கீழே அழுத்த, இரண்டும் சேர்ந்த விசை அடிப்பகுதிக்குள்ளேயே இறங்க வேண்டும். அணை கீழே அத்தனை அகலமாக இருப்பது அதற்காகத்தான். இடுக்கியில் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே மெல்லிய வில்போல வளைத்துக் கட்டி, தள்ளை மலைகள்மேல் ஏற்றிவிட்டார்கள். மேட்டூரில் அது நடக்காது. இங்கே அடைக்க வேண்டிய அகலம் 5,300 அடி, ஒரு மைல்.

எடை அணைக்கு உண்மையான எதிரி வேறு. அடியில் கசிந்து நுழையும் தண்ணீர் அணையை மேல்நோக்கித் தூக்கும். இதற்கு மேலுந்து விசை என்று பெயர். அது பாரத்தைக் குறைத்துவிடும். 1895-ல் பிரான்சின் பூசே அணை உடைந்து பல உயிர்கள் போன பிறகுதான் பொறியாளர்கள் இதைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கினார்கள். மேட்டூர் வேலை தொடங்கிய 1925-க்குள் அந்தப் பாடம் உலகெங்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு எதிரி, சுவரைத் தாண்டி வழியும் வெள்ளம். அத்தனை உயரத்திலிருந்து கொட்டும் நீர் அணையின் காலடிப் பாறையையே அரித்துவிடும். 1924-ல் காவிரியில் வந்த பெருவெள்ளம் எல்லோர் நினைவிலும் பசுமையாக இருந்த காலம் அது. அதனால்தான் உபரி நீருக்குப் பிரதான சுவரை விட்டுத் தள்ளி, 16 கண் மதகைத் தனியாக அமைத்தார்கள். அணையைத் திட்டமிட்ட கர்னல் எல்லிஸின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது முதல், நிரம்பிய ஆண்டுகளில் எல்லாம் மிகுதி வெள்ளம் அந்தக் கண்கள் வழியேதான் இறங்குகிறது.